பெலனொவிச் வீட்டு விருந்து மேஜை

லிப்னிக், 14 செப்டம்பர் 1976

அன்புள்ள சவெத்தா அக்காவுக்கு,

இது என் சொந்தக் கடிதம் அல்ல. நகரக் குழு கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

நம் வீட்டைப் பழுது பார்த்து முடித்துவிட்டார்கள். நீ போன பிறகு அது தானியக் கிடங்காக இருந்தது, பிறகு பாட்டுப் பள்ளியாக இருந்தது, கடைசியில் சில வருஷம் பூட்டியே கிடந்தது. இப்போது புது ஓடு போட்டு, தெருப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த மாடத்துக்கு மரத்தூண் கொடுத்து, 'பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகர் இல்லம்' என்ற பெயரில் அருங்காட்சியகமாகத் திறக்கப் போகிறார்கள். நான் கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டைத் தெரிந்தவன் என்பதால் என்னையே காப்பாளராகப் போட்டிருக்கிறார்கள்.

பெரிய அறையின் கிழக்குச் சுவரில் இருந்த மிக்கேல் அதிதூதர் படமும், அதன் முன்னால் தொங்கிய வெள்ளி விளக்கும் உன்னிடம் இருப்பதாகக் குழு அறிந்திருக்கிறது. மூன்று தடவை வெள்ளை அடித்தும் விளக்குப் புகை படிந்த கறுப்பு அந்தச் சுவரில் மறுபடி மறுபடி மேலே வருகிறது. கொத்தனார் அலுத்துப்போய்விட்டார். அந்த இடத்தில் படம் இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று எல்லோரும் கருதுகிறார்கள்.

படத்தைத் தந்தால் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பாதுகாக்கப்படும். உன் பெயர் கொடையாளர் பலகையில் இடம்பெறும்.

நலம் விசாரித்ததாக உன் கணவரிடம் சொல்லவும்.

திஹொமிர் பெலனொவிச்
காப்பாளர்

-----

திரியெஸ்தெ, 27 செப்டம்பர் 1976

காப்பாளர் அவர்களுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த ஊரில் எனக்கென்று சாவதற்கு உன்னை விட்டால் ஆளில்லை என்பதும், செத்தவன் கடிதம் எழுத மாட்டான் என்பதும் உறைத்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். என் வீட்டுக்காரர் ஸ்பிரோ தடுத்துவிட்டார். "படிச்சுட்டுக் கிழி சவெத்தா. படிக்காம கிழிச்சேன்னு வையி, ஒரு வாரத்துக்கு நீயும் தூங்க மாட்ட, என்னையும் தூங்க விடமாட்ட" என்றார். அதனால் படித்தேன்.

கொத்தனார் அலுத்துப்போனாராம்! நல்லது. அந்தக் கறுப்பு அங்கேயே இருக்கட்டும். அதுதான் அந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே உண்மையான பொருள்.

படத்தைத் தர மாட்டேன். மெத்தையின் பஞ்சுக்குள் வைத்துத் தைத்து எல்லை தாண்டி இத்தாலிக்குக் கொண்டுவந்தது நான். பிடித்திருந்தால் என்னைத்தான் சுட்டிருப்பார்கள், உன் குழுவை அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் எண் ஒட்டி நிறுத்துவதற்கா அத்தனை பாடு பட்டேன்?

நீ மறந்திருப்பாய், சொல்கிறேன் கேள். நான் ஸ்பிரோவைக் கட்டிக்கொண்ட அன்றைக்கே அவர் வீட்டுப் புனிதருக்கு மாறிவிட்டேன். எங்கள் வீட்டில் டிசம்பரில் நிக்கோலாஸ் நாளுக்குத்தான் விளக்கு ஏற்றுகிறோம். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு அப்பன் வீட்டு ஸ்லாவா, அந்தக் குடும்பப் புனிதர் நாள், இல்லை. அது மகனுக்கு. அப்பாவின் அதிதூதருக்கு விளக்கு ஏற்ற வேண்டியவன் நீ ஒருத்தன்தான். நீ கம்யூனிஸ்ட் கட்சி அட்டையை வாங்கிக்கொண்டு விளக்கை அணைத்தாய். அதனால் அந்தப் படம் என் அலமாரியில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் தூசி துடைக்கிறேன், அவ்வளவுதான். ஏற்ற எனக்கு உரிமை இல்லை, உனக்கு மனம் இல்லை.

இன்னும் ஒன்று. அப்பா செத்ததை நான் நாலு மாதம் கழித்து எதிர்வீட்டு கோசரா அத்தை போட்ட அஞ்சலட்டையில் தெரிந்துகொண்டேன். பாதிரியார் வரவில்லை என்று எழுதியிருந்தாள். மெழுகுவத்தி இல்லை என்று எழுதியிருந்தாள். பிச்சைக்காரன் செத்தால்கூட நம் ஊரில் கோதுமை வேகவைத்து, வந்தவர்கள் எல்லாம் ஒரு கரண்டி வாயில் போட்டு, அவன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். நம் அப்பா வசிலியெ பெலனொவிச்சுக்கு அந்த ஒரு கரண்டி கோதுமை இல்லை. மகன் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அல்லவா, கோதுமையெல்லாம் கணக்கில் போய்விட்டதோ என்னவோ.

நலம் விசாரித்ததை ஸ்பிரோவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

சவெத்தா

-----

லிப்னிக், 8 அக்டோபர் 1976

சவெத்தா,

திட்டித் தீர்த்துவிட்டாயா? இப்போது நான் சொல்வதைக் கேள்.

நீ மெத்தைக்குள் தைத்து எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலையில் அப்பாவைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். மகள் எங்கே, யாரோடு போனாள், யார் வழி காட்டினார்கள் என்று கேட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது கை நடுங்கியது. அது சாகிற வரை நிற்கவில்லை. நீ திரியெஸ்தெயில் நிக்கோலாஸுக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். அந்த நாட்களில் நான் ஒரு பாதிரியாரை வீட்டுக்குள் கூப்பிட்டிருந்தால் அடுத்த வண்டியில் நானும் போயிருப்பேன். அப்புறம் அவரைப் புதைக்கவும் ஆளிருந்திருக்காது.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். பதில் கிடையாது, உனக்கும் சரி எனக்கும் சரி.

வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அருங்காட்சியகத்தை அமைக்க லுப்லியானாவிலிருந்து மய்தா என்று ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். நல்ல பெண், உழைப்பாளி, ஆனால் நம் பக்கத்து வழக்கம் எதுவும் தெரியாது. போன வாரம் உள்ளே போனால், படுக்கையறையில் அம்மாவின் மாவு பிசைகிற மரத்தொட்டி. அதற்குள் மெத்தை விரித்து, பொம்மைக்குத் தொப்பி மாட்டிப் படுக்க வைத்திருக்கிறாள்.

"தொட்டில் எப்படி இருக்கு தோழர்?" என்றாள் பெருமையாக.

"அழகா இருக்கும்மா. ஆனா அது தொட்டில் இல்ல, மாவுத்தொட்டி. அதுல புள்ளைய போட்டா ரொட்டியாத்தான் எழும்பும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. அட்டைகளை எல்லாம் அச்சடித்துவிட்டாளாம். தாத்தா ராத்திரியில் மீசை கலையாமல் கட்டிக்கொள்வாரே ஒரு துணிப்பட்டை, அதற்கு 'பிரசவித்த பெண்கள் அணியும் வயிற்றுக்கட்டு' என்று அட்டை வைத்திருந்தாள். அதையும் மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது அவளுக்குப் புது யோசனை வந்திருக்கிறது. பெரிய அறையில் குடும்பப் புனிதர் நாளின் விருந்து மேஜையை அப்படியே போட வேண்டுமாம். எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம், மக்கள் பார்க்க ஆசைப்படுவார்கள் என்கிறாள். குழுவும் ஒப்புக்கொண்டது, கண்காட்சி என்றால் தப்பில்லையாம்.

"உங்க வீட்டுப் புனிதர் யாரு தோழர்?" என்று கேட்டாள்.

"மிக்கேல் அதிதூதர்."

"அவரோட நாள் எப்ப?"

"நவம்பர்ல எப்பவோ" என்றேன்.

திறப்பு விழாவுக்கு அவளே தேதி குறித்தாள். குடியரசு நாளுக்கு முந்தின வாரத்து ஞாயிறு, நவம்பர் 21. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேஜையில் எது எங்கே இருந்தது என்று அவள் துளைத்து எடுக்கிறாள். எனக்கு ஞாபகமில்லை. நான் அன்றைக்கெல்லாம் வந்தவர்களின் மேலங்கிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருப்பேன். படத்தைத் தர வேண்டாம். மேஜையையாவது எழுது. இல்லாவிட்டால் இந்தப் பெண் அங்கேயும் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிடுவாள்.

திஹொமிர்

-----

திரியெஸ்தெ, 20 அக்டோபர் 1976

திஹொமிர்,

அப்பாவின் கை நடுங்கியது எனக்குத் தெரியாது. யாரும் எழுதவில்லை. அதைப் பற்றி இப்போது என்னால் பேச முடியாது.

ஆனால் 'நவம்பரில் எப்பவோ' என்று நீ சொன்னதைப் பற்றிப் பேச முடியும். நவம்பர் 21 என்ன நாள் என்று உனக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாயா? தெரியாது என்றால் நீ மனுஷனே இல்லை. தெரியும் என்றால் அதைவிட மோசம். அதிதூதரின் நாளிலேயே அவர் வீட்டைத் திறந்து, அவர் மேஜையைக் கயிறு கட்டி வேடிக்கை காட்டப் போகிறீர்கள். இதைக் கேட்டதும் ஸ்பிரோகூடச் சிரிக்கவில்லை.

சரி, மேஜையைச் சொல்கிறேன். தப்புத் தப்பாக வைத்து அம்மாவைக் கேவலப்படுத்த வேண்டாம்.

விரிப்பு வெள்ளை, ஓரத்தில் சிவப்பு நூல். அந்த விரிப்பு இப்போது எந்தச் செயலாளர் வீட்டில் இருக்கிறதோ தெரியாது, வேறு வாங்கிக்கொள். ஸ்லாவா ரொட்டி மேஜையின் கிழக்கு முனையில். வட்டமாக, மேலே மாவினாலேயே பின்னல் சுற்றி, நடுவில் முத்திரை. அதன் பக்கத்தில் மெழுகுவத்தி, ரொட்டியைவிட உயரமாக. சிவப்புத் திராட்சை ரசம் ஒரு கண்ணாடிக் குடுவையில். காய்ந்த துளசிக் கொத்து ஒன்று.

பிறகு கோதுமை. நன்றாகக் குழைய வேகவைத்து, அக்ரூட் பருப்பு அரைத்துப் பிசைந்து, குன்று மாதிரி குவித்து, மேலே மாவுச் சர்க்கரை தூவ வேண்டும். அதன் மேல் முழு அக்ரூட்டால் சிலுவை. அதை ஓரத்தில் வைக்காதே, நட்டநடுவில் வை, உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும். பக்கத்தில் கரண்டிகளும் ஒரு குவளை தண்ணீரும்.

நாற்காலிகள் விருந்தாளிகளுக்கு. வீட்டுக்காரனுக்கு நாற்காலி போடாதே. அப்பா அன்றைக்கு முழுக்க உட்கார மாட்டார். கதவுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றுகொண்டே இருப்பார். அதற்கு மய்தா ஒரு அட்டை எழுதட்டும்.

இதற்கு மேல் ஒன்றும் கேட்காதே.

சவெத்தா

-----

லிப்னிக், 24 நவம்பர் 1976

அக்கா,

திறப்பு விழா நடந்தது. வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

காலையில் பித்தளை வாத்தியக் குழு வந்து வாசித்தது. நகரக் குழுச் செயலாளர் ராதொயெ பேசினார். உழைக்கும் மக்களின் வியர்வையில் எழுந்த மாளிகை உழைக்கும் மக்களுக்கே திரும்பியது என்றார். கை தட்டினார்கள். நாடாவை வெட்டினார். நான் இரண்டு கதவையும் விரியத் திறந்தேன். பெரிய அறையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. படம் எடுக்கிறவருக்கு வெளிச்சம் வேண்டும் என்று மய்தாதான் ஏற்றச் சொன்னாள்.

நாங்கள் எதிர்பார்த்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் அதிகாரிகளையும்தான். முதலில் வந்தது வண்டிக்கார மிலுதின். கறுப்புக் கோட்டு, இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளம் சாராயம் ஒரு புட்டி. அவன் மனைவி கையில் ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டை. நேராக என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றினான்.

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே."

வாசலில் சீட்டுக் கொடுக்கிற பெண், "சீட்டு வாங்கணும் தோழர்" என்றாள்.

"வாங்கிட்டாப் போச்சு. ரெண்டு குடும்மா" என்று வாங்கிக்கொண்டான் மிலுதின், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அவனுக்குப் பின்னால் தெருவே வந்தது. மேல்தெரு, பாலத்துத் தெரு, நம்மிடம் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த தச்சர் வீட்டார்கூட வந்தார்கள். உனக்குத் தெரியாததா, ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை, அந்த நாளில் கதவு திறந்திருந்தால் வர வேண்டும். நம் கதவு எத்தனை வருஷத்துக்குப் பிறகு திறந்தது! எல்லோரும் ஒழுங்காக வரிசையில் நின்று சீட்டு வாங்கினார்கள். வாங்கிய கையோடு என்னிடம் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். சீட்டு மேஜை மேல் புட்டிகளும் காப்பியும் சர்க்கரைக் கட்டிகளும் குவிந்துவிட்டன.

மய்தாவுக்கு ஒரே பூரிப்பு. "எங்க ஊர்ல ஒருத்தரும் மியூசியத்துக்கு இப்படி உடுத்திட்டு வர மாட்டாங்க தோழர்!" என்றாள். பிறகு புட்டிகளைப் பார்த்துக் குழம்பிப்போய், "இதெல்லாம் நன்கொடையா? ஒவ்வொண்ணுக்கும் எண் போடணுமா?" என்று கேட்டாள். மிலுதின், "எண்ணு எதுக்கும்மா, டம்ளர் போடுங்க" என்றான்.

அப்புறம் கோசரா அத்தை வந்தாள். அவளுக்கு இப்போது காது மந்தம், அதனால் பேசுவதெல்லாம் ஊருக்கே கேட்கும். கயிற்றுக்கு வெளியே நின்று மேஜையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் கோதுமையில் நின்றுவிட்டாள்.

"ஏண்டா திஹொமிர், யாருக்குடா இந்தக் கோதுமை?" என்றாள். "மத்த புனிதர்லாம் செத்துப் போனவங்க, அவங்களுக்கு வேகவைப்போம். அதிதூதர் உயிரோட இருக்கிறவர்டா. அவருக்கு எவ கோதுமை வேகவைப்பா? உங்கம்மா ஒரு நாளும் வச்சதில்ல. இந்த வீட்டுல யாருடா செத்தா?"

செயலாளர் ராதொயெ அந்தப் பக்கம் திரும்பினார். மய்தா தன் குறிப்பைப் புரட்டினாள்.

நான் ஏதோ பதில் சொன்னேன். அத்தை கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் போனார்கள். கரண்டி பற்றவில்லை. காலியான தட்டைப் பார்த்து மய்தா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாலையில் கதவைப் பூட்டும்போதுதான், காலையிலிருந்து நான் உட்காரவே இல்லை என்று தெரிந்தது. முட்டி வீங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை குழுவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

திஹொமிர்

-----

திரியெஸ்தெ, 3 டிசம்பர் 1976

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

கோதுமையை நான் வேண்டுமென்றுதான் எழுதினேன். நம் வீட்டில் அது இருந்ததில்லை என்று எனக்குத் தெரியாதா? அம்மாவோடு அந்த மேஜையை வருஷா வருஷம் அடுக்கியவள் நான். அப்பா வீட்டை அப்படிக் கயிறு கட்டிக் காட்டுகிறார்களே என்று வயிறு எரிந்தது. அதிகாரிகள் புகைப்படம் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் உள்ளே நுழைகிற நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும், இது ஸ்லாவா மேஜை இல்லை, சாவு மேஜை, இந்த வீடு செத்துவிட்டது என்று தெரியட்டும் என்று நினைத்தேன். உன்னையும் எல்லோரும் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அது மட்டுமல்ல. அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. தபாலில் போட்ட அன்றிலிருந்து உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். 'சவெத்தா, உனக்குப் பைத்தியமா, அதிதூதருக்கு எவளாவது கோதுமை வைப்பாளா' என்று இரண்டு வரி எழுதுவாய் என்று நினைத்தேன். நீ அப்படி எழுதியிருந்தால் படத்தை அன்றைக்கே கட்டி அனுப்பியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். தபால்காரரை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்பிரோ, "யாரையாவது காதலிக்கிறியா?" என்று கேலி பண்ணினார்.

நீ எழுதவில்லை. நான் சொன்னபடியே நட்டநடுவில் வைத்துவிட்டாய். அப்படியென்றால் உனக்கு உண்மையிலேயே ஒன்றும் ஞாபகமில்லை. நாம் ஒரே வீட்டில் பிறந்தோம் என்பதைத் தெரிந்துவைத்திருக்கிற ஆள் உலகத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. இதற்கு நீ சண்டைக்காரனாகவே இருந்திருக்கலாம்.

கோசரா அத்தை உன்னைக் கேட்டபோது அங்கே நின்றது நீ. கேள்வி உன் மேல் விழும் என்று தெரிந்துதான் எழுதினேன். அதற்காக வருத்தப்படுகிறேன். குழுவில் என்ன ஆயிற்று? அதையாவது எழுது. ஆனால் படத்தை அனுப்ப மாட்டேன் திஹொமிர். அங்கே அதை அடையாளம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

சவெத்தா

-----

லிப்னிக், 15 டிசம்பர் 1976

அக்கா,

குழுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்சி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். காப்பாளர் வேலை இந்த மாதக் கடைசி வரைதான். பெரிய அறையில் மேஜையை எடுத்துவிட்டு, சங்கத்தின் டிராக்டர் படங்களை மாட்டப் போகிறார்கள். மய்தா எனக்காகப் பேசினாள். "அவரு காப்பாளரா வேல பாக்கல, வீட்டுக்காரரா நின்னாரு, ஆனா அதுவும் கண்காட்சிதானே" என்று சொல்லிப் பார்த்தாள். அவளையும் லுப்லியானாவுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது நீ கேட்காததைச் சொல்கிறேன்.

மேஜை எப்படி இருந்தது என்று ஞாபகமில்லை என்று எழுதினேன் அல்லவா? பொய். விரிப்பின் ஓரத்தில் ஒரு இடத்தில் நூல் விட்டுப்போயிருக்கும், அம்மா அதை எப்போதும் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடுவாள் என்பது வரை எனக்குத் தெரியும். படத்தைத் தர மாட்டேன் என்று எழுதிவிட்டாய். அதோடு முடிந்தது, இனி எழுத மாட்டாய் என்று தோன்றியது. இன்னொரு கடிதம் வர வேண்டும் என்பதற்காகக் கேட்டேன். தேதியும் தெரியும். மய்தாவின் விரல் காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமையில் போய் நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

உன் கடிதத்தில் கோதுமை என்று பார்த்ததுமே புரிந்தது. அக்கா சண்டைக்கு வருகிறாள் என்று சிரித்தேன். 'உனக்குப் பைத்தியமா' என்று எழுதக் காகிதம்கூட எடுத்தேன். நீ எதிர்பார்த்த அதே வார்த்தைதான். எழுதவில்லை. நட்டநடுவில் வை, எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கோபத்தில்தான் எழுதினாய். ஆனால் இத்தனை வருஷமாக நான் செய்யப் பயந்த காரியத்தை, குழுவின் அனுமதியோடு, குழுவின் செலவில், அப்பாவின் சொந்த வீட்டிலேயே செய்ய ஒரு வழி உன் கையெழுத்தில் வந்திருந்தது.

மய்தா கோதுமை மணிகளைக் கோந்து போட்டு ஒட்டி வார்னீஷ் பூசிவிடலாம் என்றாள். வேகவைத்தால் எறும்பு வரும் என்றாள். "வந்தா வரட்டும்மா, அதுவும் தின்னுட்டுப் போகட்டும்" என்றேன். கோசரா அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அத்த, கொஞ்சம் கோதுமை வேகவச்சுத் தரணும்."

"எதுக்குடா?"

"மியூசியத்துக்கு."

"மியூசியத்துல எவண்டா செத்தான்?"

"எங்கப்பா" என்றேன்.

அவள் கையில் இருந்த மரக்கரண்டியால் என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். பிறகு அடுப்படிப் படியில் உட்கார்ந்து அழுதாள். "இப்பதான் உனக்கு வழி தெரிஞ்சுதாடா மடையா" என்றாள். மூன்று படி கோதுமை வேகவைத்தாள். தட்டில் இருந்தது கொஞ்சம்தான். மீதியை மேஜைக்கடியில் விரிப்பு மறைவில் பானையோடு வைத்திருந்தோம்.

அத்தை அன்றைக்குக் கேட்டது தெரியாமல் கேட்டதல்ல. அவள் வேகவைத்த கோதுமை அது. யாராவது உரக்கக் கேட்டால்தான் நான் பெயரைச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் ஏதோ பதில் சொன்னேன் என்று உனக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்களோ என்று பயம். இனி என்ன பயம்? நான் சொன்னது இதுதான்.

"என் அப்பா வசிலியெ பெலனொவிச்சுக்கு. இது அவர் வீடு."

அத்தை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, "கடவுள் அவன் ஆத்துமாவ மன்னிக்கட்டும்" என்றாள். அறை முழுக்க, மாடிப்படி முழுக்க, வெளியே சீட்டு வாங்க நின்றவர்கள் வரைக்கும் அதையே சொன்னார்கள். வயதானவர்கள் அழுதார்கள். மிலுதின் பானையை மேஜை மேலே தூக்கி வைத்தான். செயலாளர் ராதொயெவின் கையில் யாரோ ஒரு கரண்டியைத் திணித்தார்கள். அவரும் நம் பக்கத்து ஆள்தானே அக்கா. வாயில் போட்டார், அவர் நாக்கு தன் பாட்டில் "கடவுள் அவன் ஆத்துமாவ மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது. என் மேல் அவருக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருந்த ஒரு பிடியைக் கல்லறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். பெயர் எழுதிய தகரம் துருப்பிடித்து விழுந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

உன்னைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரி எனக்கு வலித்தது. படத்தை இனிக் கேட்க மாட்டேன். அதைக் கேட்டது குழு. குழுவோடு எனக்கு இனி ஒன்றும் இல்லை.

திஹொமிர்

-----

திரியெஸ்தெ, 23 டிசம்பர் 1976

திஹொமிர்,

உன் கடிதத்தை ஸ்பிரோவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, மீதியை அவர் வாங்கிப் படித்தார். படித்து முடித்துவிட்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து அதிதூதரை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். "இவரு கெளம்பணும்னு நெனக்கிறேன்" என்றார்.

விளக்கை வினிகர் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போய்விட்டது, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. எல்லையில் இப்போது யாரையும் பிடித்துவைப்பதில்லை என்று ஸ்பிரோ சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் வருகிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். ஜனவரியில் ரயிலில் கையோடு கொண்டுவருகிறேன். அருங்காட்சியகத்துக்கு அல்ல, உனக்கு. நீ இருக்கிற இடத்தில் கிழக்குப் பார்த்த சுவர் எதுவோ அதில் ஆணி அடித்து வை. நீ ஏற்று, நான் பார்க்கிறேன்.

இதையெல்லாம் எழுதி, உறையையும் ஒட்டி, மேலே முகவரி எழுதும்போதுதான் கை நின்றுவிட்டது. பெலனொவிச் மாளிகை, லிப்னிக். இந்த இலையுதிர் காலம் முழுக்க நான் உனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களும் அந்த வீட்டுக்குத்தான் வந்தன. அங்கே உனக்கு இந்த மாதக் கடைசி வரைதான் இடம். இந்தக் கடிதம் போய்ச் சேரும்போது நீ அங்கே இருப்பாயோ, வேறு யாராவது வாங்கிப் பிரிப்பார்களோ தெரியாது. அதனால் உறையைப் பிரித்து, இதை இன்னொரு தடவை அப்படியே எழுதி, ஒன்றை கோசரா அத்தை பெயருக்கும் போடுகிறேன். ஒன்றாவது உன் கையில் கிடைக்கட்டும்.

அப்பாவைப் பற்றிக் கேட்டேன், மேஜையைப் பற்றி எழுதினேன், படத்தைப் பற்றிச் சண்டை போட்டேன். உனக்குக் கல்யாணம் ஆயிற்றா, பிள்ளை உண்டா, சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டு எங்கே போகிறாய், யார் உனக்குச் சோறு போடுகிறார்கள், முட்டி வீக்கத்துக்கு யார் ஒத்தடம் கொடுத்தார்கள் என்று ஒரு கடிதத்திலும் நான் கேட்கவில்லை.

எந்தத் தெரு, எந்த மாடி, கதவில் யார் பெயர் போட்டிருக்கிறது, எழுது.

நீ எங்கே குடியிருக்கிறாய், தம்பி?

சவெத்தா